சிறிய குசினிக்குள் ஒரு நீட்டு மேடை: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலும் வீட்டுப் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். பழைய குசினியைத் திருத்திக் கட்ட வருகின்றவர்களில் அநேகமானோர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இப்படியொரு மேடையைத் தங்கள் வீட்டிலும் வைக்க முடியுமா என்று கேட்கின்றனர். முடியும் என்பதே பெரும்பாலும் என் பதில். ஆனால் மேடை எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானிப்பதற்கு முன்னர், அதைச் சுற்றி எவ்வளவு வெறுந்தரை மிஞ்ச வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இவ்வூர்க் குசினிகளில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையை மாற்றியதால் வந்தவை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

குசினிக்குள் வைக்கும் "பெனின்சுலா" என்பது என்ன? தீவு மேடைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

சுவரிலிருந்தோ, சுவரோடு ஒட்டிய மேடையிலிருந்தோ அறையின் நடுப்பக்கமாக நீண்டு வந்து, மூன்று பக்கமும் வெளியாக இருக்கும் மேடையே பெனின்சுலா. யாழ்ப்பாணக் குடாநாடு ஒரு பக்கத்தால் மட்டும் நிலத்தோடு பொருந்தியிருப்பதைப் போன்றது இது. தீவு மேடை நாற்புறமும் விலகி நடுவில் தனியே நிற்கும். மேசன்மாரிடமும் ஓடாவிமாரிடமும் "மேடையிலிருந்து நீட்டின கட்டு" என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். ஆகவே நானும் இங்கே நீட்டு மேடை என்றே குறிப்பிடுகிறேன்.

நமது வீடுகளுக்குத் தீவு மேடையை விட இதுவே பொருத்தமானது. தீவைச் சுற்றி நான்கு பக்கமும் நடக்க இடம் விட வேண்டும். நீட்டு மேடைக்கு மூன்று பக்கம் விட்டால் போதும். அத்துடன் மின்கம்பியைச் சுவரிலிருந்து மேடையின் உடலுக்குள்ளாகவே கொண்டுவரலாம் என்பதால், தரையைக் கிளப்பிக் குழாய் புதைக்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது.

எங்கள் குசினி 10 அடி அகலம், 12 அடி நீளம். அதற்குள் வைக்கலாமா?

வைக்கலாம். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும்படி இந்த அளவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வடக்குச் சுவரின் முழு நீளத்துக்கும் 2 அடி ஆழமான மேடை இருக்கிறது, அதில் அடுப்பு. கிழக்குச் சுவரோடு, யன்னலுக்குக் கீழே, 2 அடி ஆழமான இன்னொரு மேடை தெற்கு நோக்கி வருகிறது, அதில் சிங்க். வடக்குச் சுவரிலிருந்து 8 அடி வந்ததும் இந்தக் கிழக்கு மேடை முடியும் இடத்தில், மேற்கு நோக்கி 2 அடி அகலமான நீட்டு மேடை புறப்படுகிறது. அப்போது அடுப்பு மேடையின் விளிம்புக்கும் நீட்டு மேடைக்கும் இடையில் 4 அடி கிடைக்கும். ஒருவர் அடுப்படியில் நிற்க, இன்னொருவர் அவருக்குப் பின்னால் சட்டியுடன் கடந்து செல்ல அந்த 48 அங்குலம் போதும். ஒருவர் மாத்திரம் சமைக்கும் வீடென்றால் 42 அங்குலம் வரை குறைக்கலாம். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

நீட்டு மேடையின் நீளத்தை 4 அடியோடு நிறுத்துங்கள். கிழக்கு மேடையின் 2 அடியோடு சேர்த்து 6 அடி போக, மேற்குச் சுவர் வரை 4 அடிப் பாதை மிஞ்சும். தெற்கே 4 அடி மிஞ்சும்; அது கதிரைக்கு. பலரும் இந்த இடத்தில் "இன்னும் இரண்டு அடி நீட்டினால் என்ன?" என்று கேட்பார்கள். நீட்டினால் பாதை 2 அடியாகிவிடும். இரண்டு கையிலும் சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளால் நேராக நடக்க முடியாது, பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும். கொதிக்கும் பானையோடு திரும்புகின்ற இடம் எரிகாயம் வருகின்ற இடம்.

எங்களுடையது ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டித்தந்த சிறிய வீடு. குசினி 8 அடிக்கு 8 அடிதான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரத்தில் கட்டப்பட்ட வீடுகளில் பல, மொத்தமாகவே 500 சதுர அடி அளவிலானவை. அவற்றின் குசினிக்குள் நிலையான நீட்டு மேடை வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மேடை 2 அடி, நடைபாதை மூன்றரை அடி, நீட்டு மேடை ஒன்றரை அடி, கதிரைக்கு 3 அடி என்று மிகவும் இறுக்கிக் கணக்கிட்டாலும் ஒரு பக்கம் 10 அடி வேண்டும்.

அதற்குக் குறைந்த இடத்தில் சுவரோடு பிணைச்சல் பூட்டி, வேலை முடிந்ததும் கீழே மடித்துவிடக்கூடிய மடிப்புப் பலகை நல்லது. 15 அங்குல அகலமும் 3 அடி நீளமும் கொண்ட ஒரு முதிரைப் பலகை, மரக்கறி வெட்டவும் பிள்ளை இருந்து எழுதவும் போதுமானது. பின்புறத்தில் குசினியை நீட்டிக் கட்டும் எண்ணம் இருந்தால் மேடையைப் பற்றி அதன் பிறகு யோசியுங்கள். கூரையை நீட்டுவதற்கு முன்னர் உங்கள் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி பெறுவதை மறவாதீர்கள்.

மேடையை எந்தப் பக்கத்திலிருந்து நீட்டுவது?

பின்கதவைப் பார்த்துத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் குசினிக்குப் பின்கதவு இருப்பதே தெரியாது. நமது வீடுகளிலோ பின்கதவு ஓய்வதில்லை. மீன் கிணற்றடியில் வெட்டப்பட்டு உள்ளே வரும். விறகடுப்பு வெளித்தாழ்வாரத்தில் இருக்கும். தேங்காய் உரிப்பது வளவுக்குள். கறிவேப்பிலை வேலிக்கரையில் நிற்கும். ஒரு நாள் காலைச் சமையலுக்குள் அந்த வாசலால் எத்தனை முறை போய் வருகிறார்கள் என்பதை வீட்டில் இருந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

என் சொந்த வீட்டிலேயே நான் இந்தப் பிழையைச் செய்தேன். பின்கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஆறரை அடி நீளத்தில் ஒரு மேடையைக் கட்டினேன். படத்தில் அது மிக அழகாக இருந்தது. என் தாயார் சோறு வடிப்பதற்காகப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்புறத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த மேடையின் நுனியைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் அவருடைய சேலைத் தலைப்பு மூலைக் கபட்டின் பிடியில் கொளுவிப் பானை சாய்ந்தது. நல்லவேளையாகக் கஞ்சி தரையில்தான் ஊற்றுண்டது. அடுத்த வாரமே மேசனைக் கூப்பிட்டு இரண்டரை அடியை வெட்டி எடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரு முறையை வைத்திருக்கிறேன். பின்கதவிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து சிங்குக்கும், சிங்கிலிருந்து பின்கதவுக்கும் படத்தில் மூன்று நேர்கோடுகள் இழுத்துப் பார்க்கிறேன். அவற்றில் எந்தக் கோட்டையும் மேடை குறுக்கே வெட்டக் கூடாது. சாப்பாட்டு அறைக்கும் குசினிக்கும் இடையிலான பக்கத்தில் மேடை வந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழாது. சமைக்கிற இடத்துக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் எல்லையாக அது நின்றுகொள்ளும்.

எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்?

பென்ட்ரி, அதாவது குசினிக் கபட்டுகள், செய்து தருகின்றவர்கள் 34 அல்லது 36 அங்குலம் என்று சொல்வார்கள். சுவரோரத்து மேடைக்கு அது சரி. நீட்டு மேடைக்கும் அதே உயரம் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் பெரும்பாலும் 30 அங்குலத்தையே சொல்கிறேன்.

அதற்குக் காரணம் இடியப்பம். இடியப்பம் பிழிகின்றவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். உரலைத் தட்டின்மேல் நேராகப் பிடித்து, முழங்கை சற்று மடிந்திருக்க, தோளின் பாரத்தைக் கீழே இறக்கி அழுத்துகிறார். மேடை 36 அங்குலமாக இருந்தால், உரலின் உயரமும் சேர்ந்து, கைகள் நெஞ்சளவுக்கு எழும்பிவிடும். அப்போது தோள் உதவாது, மணிக்கட்டு மட்டுமே வேலை செய்யும். பத்துத் தட்டுப் பிழிவதற்குள் கை சோர்ந்து போகும். பலர் இன்றும் உரலைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போய்ப் பிழிவதற்கும், ரொட்டிக்கு மாக் குழைக்க நிலத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம். வெட்டுகிற வேலைக்கு மேடை முழங்கைக்கு 3, 4 அங்குலம் கீழே இருந்தால் போதும். அழுத்துகிற வேலைக்கும் குழைக்கிற வேலைக்கும் 6 அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருக்க வேண்டும். 5 அடி உயரமான ஒரு பெண்ணுக்கு முழங்கை ஏறத்தாழ 37, 38 அங்குலத்தில் வரும். கழித்துப் பார்த்தால் 30 அங்குலம் ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும்.

30 அங்குலத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரணக் கதிரையே அதற்குப் போதும். உயரமான ஸ்டூல் வாங்க வேண்டியதில்லை. முழங்கால் நோவுள்ள அம்மம்மாவால் உயரமான ஸ்டூலில் ஏறி இருக்க முடியாது. ஆனால் இந்த மேடையடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். வயது போனவர் குசினியிலிருந்து விலக்கப்படாமல் இருப்பதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

34 அங்குல மேடையும் 30 அங்குல மேடையும் சந்திக்கும் இடத்தில் 4 அங்குலப் படி ஒன்று வரும். அந்தப் படியின் முகத்தில் அதே கல்லில் ஒரு துண்டை ஒட்டிச் சிலிக்கோன் பூசிவிட்டால் சிங்குத் தண்ணீர் கீழ்மேடைக்கு வழியாது.

அதிலே இருந்து சாப்பிடவும் வேண்டும். எத்தனை பேருக்கு இடம் வரும்?

ஒருவருக்கு 24 அங்குலம். ஆகவே 4 அடி மேடையில் இரண்டு பேர் இருக்கலாம். முழங்கால் இடிக்காமல் இருக்க, மேற்பலகை கீழ்க் கட்டிலிருந்து 15 அங்குலமாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். 30 அங்குல உயரத்தில் கால் முன்னே நீளும் என்பதால் 18 இருந்தால் இன்னும் நல்லது. மீதியாகும் 6 முதல் 9 அங்குல ஆழத்தைப் பார்த்துச் சிலர் வீண் இடம் என்று நினைக்கிறார்கள். தூள் போத்தல், மா டின், தேயிலை, சீனி ஆகியவை ஒரே வரிசையில் நிற்பதற்கு அந்த ஆழம்தான் வேண்டும். பின்னால் எதுவும் ஒளிந்து பழுதாகாது. இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நடக்கும் வழி இருந்தால், மேடை விளிம்பிலிருந்து சுவர் வரை 44 அங்குலம் விடுங்கள். நடமாட்டம் இல்லையென்றால் 32 போதும்.

காஸ் அடுப்பை நீட்டு மேடையில் வைக்கலாமா?

வேண்டாம். மூன்று பக்கமும் வெளியான மேடையில் சட்டியின் பிடி நடைபாதைக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஓடி வருகிற பிள்ளையின் கை அதில் படும். எண்ணெய் தெறித்தால் தடுப்பதற்குச் சுவர் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீட்டுக்குள் புகுந்து வீசும்போது நடுவில் உள்ள அடுப்பின் சுவாலை சாய்ந்து, சில வேளை அணைந்தும் போகும். அணைந்த அடுப்பிலிருந்து எரிவாயு தொடர்ந்து வரும்.

சிலிண்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாவனைக்கான எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். நீட்டு மேடையின் கீழே கதவு போட்டு அடைத்த கபட்டுக்குள் 12.5 கிலோ சிலிண்டரை வைத்தால், கசிந்த வாயு வெளியேற வழியில்லாமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே நிற்கும். அடுப்புக்குப் பக்கத்தில், அடிப்பக்கத்தில் காற்றுப் போகும் துவாரம் உள்ள இடத்தில் அதை வையுங்கள். குழாய் நடைபாதையைக் குறுக்காகக் கடக்கக் கூடாது. நீட்டு மேடையின் உள்ளால் மறைத்துக் கொண்டுபோகவும் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற குழாயின் வெடிப்பைத்தான் காலத்தோடு கண்டுபிடிக்க முடியும்.

சிங்க்?

யன்னலுக்குக் கீழே சுவரோரத்திலேயே இருக்கட்டும். கழிவு நீர் அங்கிருந்து நேராக வளவுக்குப் போய் வாழைக்குப் பாயும். நீட்டு மேடைக்குக் கொண்டுவந்தால் கழிவுக் குழாய்க்குச் சரிவு கொடுப்பதற்குத் தரையையோ மேடையின் உடலையோ வெட்ட வேண்டியிருக்கும். மீன் கழுவிய தண்ணீர் சரிவு குறைந்த குழாயில் தங்கினால் வரும் மணத்தை எந்தத் திரவமும் போக்காது.

பிளக் பொயின்ட் எங்கே வர வேண்டும்?

மேடையின் குசினிப் பக்க முகத்தில், மேற்பலகைக்குச் சற்றுக் கீழே, ஓரமாக இரண்டு 13 ஆம்பியர் பொயின்ட் போதும். மேற்பரப்பில் மேல்நோக்கிப் பதிக்க வேண்டாம். தேங்காய்ப்பால் ஊற்றுண்டால் நேரே அதற்குள்தான் போகும். இருக்கிறவர்களின் முழங்கால் பக்கத்திலும் வேண்டாம். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் என்பது ஏறத்தாழ 3,000 வாட். சோற்றுக் குக்கரும் மிக்ஸியும் சேர்ந்து ஓடலாம். அவற்றோடு கேத்தலையும் ஒரே பொயின்டில் நீட்டுக் கம்பி போட்டுக் கொழுவக் கூடாது. ஈரக் கையோடு வேலை செய்யும் இடம் என்பதால், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுகின்ற ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உண்மையில் விழுகிறதா என்பதை முதலில் பாருங்கள். பழைய வீடுகளில் அது இருந்தும் வேலை செய்யாமல் இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

மேடையின் உடலை எதனால் செய்வது நல்லது? பலகையா, அலுமினியமா, கல்லா?

நம் ஊரில் மேடைக்கு மூன்று எதிரிகள் உண்டு: உப்புக் காற்று, கறையான், வெள்ளம். கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் இருப்பதால், காற்று பெரும்பாலும் ஈரத்தோடுதான் வருகிறது. கல்முனை, அக்கரைப்பற்றுக் கரையோரங்களிலும் இதே நிலைதான். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்த வெள்ளங்களில் முழங்கால் அளவுத் தண்ணீர் புகுந்த குசினிகள் இரு மாவட்டங்களிலும் ஏராளம்.

அழுத்தப்பட்ட மரத்தூள் பலகை கடையில் பார்க்க மிக நேர்த்தியாக இருக்கும். அதன் அடிவிளிம்பு ஒரே ஒரு முறை நீரில் ஊறினால் போதும். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்ததுபோல் ஊதி, திருகாணி பிடித்திருந்த இடம் உதிரும். உறவினர் வீடொன்றில் அப்படிச் செய்வித்த மேடையின் கீழ் லாச்சி இரண்டு மாரி முடிவதற்குள் இழுபடாமல் இறுகிவிட்டது. செய்து கொடுத்தவர்கள் ஈரத்துக்குத் தாங்கும் பலகை என்று சொல்லியே கொடுத்திருந்தார்கள்.

ஆகவே என் விருப்பம் கலப்புக் கட்டு. தரையிலிருந்து 6 அங்குலம் சீமெந்துக் கட்டாக எழுப்பி, அதன் முகத்துக்கு டைல் ஒட்டுங்கள்; கூட்டிக் கழுவும் தண்ணீரும் சிறு வெள்ளமும் அதோடு நிற்கும். நுனியில் ஒரு செங்கல் சுவர் அல்லது சீமெந்துக் கல் சுவர் பாரத்தைத் தாங்கட்டும். நடுவில் உள்ள தட்டுகளும் கதவுகளும் அலுமினியச் சட்டத்தில் இருக்கலாம். அல்லது வேம்பு, தேக்கு, முதிரை ஆகியவற்றில் ஏதேனும் ஒரு மரமாக இருக்கலாம். வேம்பின் கசப்புக்குக் கறையானும் பூச்சியும் எளிதில் அணுகுவதில்லை. நன்றாகக் காய்ந்த மரமா என்பதை மட்டும் ஓடாவியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஈர மரத்தில் செய்த கதவு கச்சான் காலத்தில் சுருங்கி வாய் பிளக்கும்.

பிணைச்சல்களுக்கு இரும்பு வேண்டாம். துருப்பிடியா உருக்கிலும் தரம் உண்டு. சாதாரணமாகக் கிடைப்பது 304. மொலிப்டினம் கலந்த 316 உப்புக் காற்றுக்குக் கூடுதலாகத் தாங்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருந்தால் 316ஐத் தேடி வாங்குவது வீண் செலவல்ல. பித்தளைப் பிணைச்சலும் நல்லதே.

மேற்பலகைக்கு எந்தக் கல்?

கிரானைட் போதும். வெண்மாபிள் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்வேன்: அது சுண்ணாம்புக் கல் வகை, தேசிக்காய்ச் சாறும் புளிக்கரைசலும் தயிரும் பட்ட இடம் அரித்து மங்கிப்போகும். புளியாணமும் தயிரும் இல்லாத மட்டக்களப்புக் குசினி எங்கே இருக்கிறது? டைல் ஒட்டினால் செலவு குறையும். ஆனால் இடைக்கோடுகளில் மஞ்சள் ஏறும்.

20 மில்லிமீற்றர் கிரானைட்டை 6, 8 அங்குலத்துக்கு மேல் தாங்கு இல்லாமல் வெளியே நீட்டக் கூடாது. முன்னர் சொன்ன 15 அங்குல நீட்டலுக்கு இரும்புத் தாங்கிகளோ நுனியில் ஒரு காலோ அவசியம். தேங்காய் உடைக்கும் அதிர்வும், மேடையில் கையூன்றி எழும்புகிறவரின் பாரமும் விளிம்பிலேதான் விழும். மூலைகளைக் கூராக விடாமல் ஒரு தேநீர்க் கோப்பையின் வளைவளவுக்கு உருட்டிவிடச் சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் நெற்றி ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் வரும்.

சுவரை உடைத்துக் குசினியை முன்மண்டபத்தோடு திறந்துவிட வேண்டுமா? வீட்டில் அதற்கு விருப்பம் இல்லை.

வேண்டியதில்லை. நீட்டு மேடையையும் திறந்த குசினியையும் பலர் ஒன்றென நினைக்கிறார்கள். நான்கு சுவருக்குள்ளும் நீட்டு மேடை நன்றாகவே வேலை செய்யும். ஆண் விருந்தினர் வரும்போது பெண்கள் மறைவாக வேலை செய்ய விரும்பும் வீடுகளிலும், மீன் மணம் சாமியறைக்குப் போகக் கூடாது என்று கருதும் வீடுகளிலும் சுவர் இருப்பதே நிம்மதி. இரண்டுக்கும் நடுவான வழி ஒன்றும் உண்டு: சுவரில் 3 அடி அகலத்தில் ஒரு பரிமாறும் யன்னல் வைத்து, வேண்டாதபோது அடைத்துவிடலாம்.

உடைக்கத்தான் வேண்டுமென்றால், அந்தச் சுவரின் மேல் கூரை வளை தங்கியிருக்கிறதா என்பதைத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே சுத்தியலை எடுங்கள். தூண் இல்லாத பழைய வீடுகளில் குறுக்குச் சுவரே கூரையைத் தாங்குகிறது.

வாஸ்துப்படி பிழையா?

அடுப்பு தென்கிழக்கு அக்கினி மூலையில் இருக்க வேண்டும், சமைக்கிறவர் கிழக்கு நோக்கி நிற்க வேண்டும் என்பதையே பெரும்பாலானோர் பார்க்கிறார்கள். நீட்டு மேடையில் அடுப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. மேலே நான் சொன்ன 10 அடிக்கு 12 அடி உதாரணத்தில் அடுப்பை வேறு சுவருக்கு மாற்ற விரும்பினால், அளவுகளை அப்படியே வைத்துத் திசையை மட்டும் திருப்பிக்கொள்ளலாம்.

புதிய குசினி வந்த பிறகு வெளியே உள்ள விறகடுப்பை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். 2022இல் எரிவாயு கிடைக்காமல் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்களில், பின்தாழ்வாரத்தில் அடுப்பு வைத்திருந்த வீடுகளே பதறாமல் சமைத்தன. நெல் அவிக்கவும், கல்யாண வீட்டுக்குப் பலகாரம் சுடவும், பெரிய கிடாரம் ஏற்றவும் அதுவே வேண்டும். நீட்டு மேடை உள்ளே வந்ததும் விறகடுப்புக்குப் போகும் பாதை மறிபடாமல் இருந்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும்.

செலவைப் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பென்ட்ரிக்கு அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். நீட்டு மேடைக்கு முன்முகமும் பின்முகமும் நுனிமுகமும் உண்டு. சுவரோரத்து மேடைக்கு முன்முகம் மட்டுமே. சொன்ன அடி விலைக்குள் பின்முகமும் நுனியும் அடங்குமா, கிரானைட்டில் எத்தனை விளிம்பு மினுக்கித் தருவார்கள், தாங்கிகள் யாருடைய கணக்கு ஆகிய மூன்றையும் வேலை தொடங்க முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைகள் பெரும்பாலும் இந்த மூன்றிலும்தான் வருகின்றன.

கட்டுவதற்கு முன்னர் சரிவருமா என்று பார்க்க வழி உண்டா?

உண்டு, அதைச் செய்யாமல் நான் இப்போது எவருக்கும் படம் முடித்துக் கொடுப்பதில்லை. தரையில் சோக்கால் மேடையின் வடிவத்தை வரையுங்கள். அதன்மேல் வீட்டில் உள்ள பழைய மேசையை வைத்து, நீளம் போதாவிட்டால் இரண்டு கதிரைகளைச் சேர்த்துத் துணியால் மூடுங்கள். ஒரு கிழமை அப்படியே சமையுங்கள். அந்தக் கிழமைக்குள் ஒரு நாளாவது விருந்துச் சமையல் வர வேண்டும்; மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் குசினிக்குள் நிற்க வேண்டும். யார் யாருக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள், பானை எந்தப் பக்கத்தால் போகிறது, பிள்ளைகள் எங்கே வந்து நிற்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நாலாம் நாள் மேசை தானாகவே அரை அடி தள்ளப்பட்டிருந்தால், அந்த அரை அடியைப் படத்திலும் தள்ளிவிடுங்கள்.

கல் பதித்த பிறகு தேங்காய் திருவலையை விளிம்பில் பூட்ட முடியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி கிரானைட் போட்ட பிறகே வருகிறது. முன்னரே வந்தால் எவ்வளவோ நல்லது. கைபிடித்துச் சுற்றும் திருவலையின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதன் வாய் மேசைப் பலகையின் தடிப்புக்கு ஏற்பச் செய்யப்பட்டது. அழகுக்காக விளிம்பில் இன்னொரு கல்லை ஒட்டி 40 மில்லிமீற்றராகத் தடிப்பாக்கிவிட்டால், பல திருவலைகளின் வாய் அதைக் கௌவாது. கௌவினாலும் மினுக்கிய கல்லில் வழுக்கும். இறுக்கினால் விளிம்பு தெறிக்கும்.

ஆகவே கல் வெட்டுவதற்கு முன்னர் உங்கள் திருவலையைக் கடைக்கே கொண்டுபோய் வாயை அளந்து காட்டுங்கள். கல் ஏற்கெனவே பதித்தாயிற்று என்றால், மேடையின் நுனிச் சுவரோடு ஓர் அங்குலத் தடிப்பும் 8 அங்குல அகலமும் உள்ள வேப்பம் பலகைத் துண்டொன்றை, மேற்பரப்பை விட 4 அங்குலம் தாழ்வாக, இரண்டு தாங்கிகளில் பூட்டுவியுங்கள். திருவலை அதில் இறுகப் பிடிக்கும்; தேங்காய்ப்பூ விழும் தட்டையோ கோப்பையையோ கீழே பிடிக்க இடமும் இருக்கும்; கதிரையில் இருந்தபடியே திருவலாம். என் வீட்டில் வெட்டிக் குறைத்த மேடையின் நுனியில் இப்போது அந்தப் பலகைதான் இருக்கிறது.